பாதியில் விட்ட கோர்ஸ் சிலருக்கு மட்டும் ஏன் முதலிலிருந்து தொடங்குகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். நீங்கள் தயாரித்து எல்எம்எஸ்ஸில் (கோர்ஸ்களை நடத்திப் பதிவு வைக்கும் மென்பொருள்) ஏற்றிய ஸ்கார்ம் கோர்ஸில் (ஸ்கார்ம் என்பது கோர்ஸும் எல்எம்எஸ்ஸும் தரவு பரிமாறிக்கொள்ளும் பொது விதிமுறை), பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வருபவர்களில் சிலருக்கு மட்டும் முதல் ஸ்லைடு ஏன் வருகிறது என்பது ஒன்று. பாடங்களை வரிசைப்படி பூட்டி வைப்பதா, விரும்பிய பாடத்துக்குப் போக விடுவதா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: படிப்பவரைப் பற்றிக் கோர்ஸ் எதை நினைவில் வைக்கிறது, அதை எங்கே, எப்போது எழுதி வைக்கிறது. உங்கள் கேள்வியில் பெரிய தடயம் 'சிலருக்கு மட்டும்' என்ற சொல். அந்தச் சிலர் யார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'விட்ட இடம்' என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே மூன்று தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. கடைசியாக எந்த ஸ்லைடில், வீடியோவின் எத்தனையாவது நொடியில் இருந்தார் என்பது இடம். எதையெல்லாம் முடித்தார் என்பது முடிப்பு. எந்தக் கேள்விக்கு என்ன பதில் கொடுத்தார், எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார் என்பது நிலை. இடம் முன்னும் பின்னும் போகும். முடிப்பு முன்னால் மட்டும்தான் போக வேண்டும். ஒருமுறை முடித்தது மறுபடி முடிக்காததாக மாறக் கூடாது. நிலை வளர்ந்துகொண்டே போகும். ஐந்தாம் பாடம் வரை முடித்தவர் ஒரு சந்தேகத்துக்காக இரண்டாம் பாடத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் 2, முடிப்பு 5. இரண்டையும் ஒரே எண்ணாகச் சேமித்திருந்தால் அடுத்த நாள் அவருடைய மூன்று பாட உழைப்பு காணாமல் போயிருக்கும்.

ஸ்கார்ம் 1.2 வந்தது 2001-ல். இன்றும் பல கோர்ஸ்கள் அதில்தான் ஓடுகின்றன. அதில் இடத்துக்கு 'லெசன் லொகேஷன்' என்று ஒரு புலம், 255 எழுத்து வரை. நிலைக்கு 'சஸ்பெண்ட் டேட்டா', 4096 எழுத்து வரை. முடிப்புக்கு 'லெசன் ஸ்டேட்டஸ்'. இவை தவிர 'எக்ஸிட்' என்று ஒன்று உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வெளியே போகும்போது கோர்ஸ் அதில் 'சஸ்பெண்ட்' என்று எழுதினால், இவர் திரும்பி வருவார், எல்லாவற்றையும் பத்திரமாக வை என்று பொருள். அப்படி எழுதியிருந்தால் அடுத்த முறை 'என்ட்ரி' புலத்தில் 'ரெஸ்யூம்' என்று எல்எம்எஸ் சொல்லும். எக்ஸிட்டை வெற்றாக விட்டால் என்ன ஆகும் என்பது எல்எம்எஸ்ஸுக்கு எல்எம்எஸ் மாறும்: சில பழைய தரவை அப்படியே கொடுக்கும், சில புது முயற்சியாகக் கணக்கிட்டு வெறும் கையோடு தொடங்க வைக்கும். ஸ்கார்ம் 2004-ல் இந்தத் தடுமாற்றம் இல்லை. சஸ்பெண்ட் என்று சொல்லாமல் வெளியேறினால் அடுத்தது புது முயற்சிதான். ஆகவே எந்தப் பதிப்பானாலும், கோர்ஸ் திறந்த உடனேயே எக்ஸிட்டில் சஸ்பெண்ட் என்று எழுதிவிடுவது நல்லது. மூடும்போது எழுதலாம் என்று காத்திருந்தால், மூடும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.

இப்போது அந்தச் சிலரைப் பார்ப்போம். அவர்கள் பெரும்பாலும் போனில் படிப்பவர்களா? அப்படியென்றால் காரணம் ஏறக்குறைய உறுதி. பல கோர்ஸ்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, ஜன்னல் மூடும் நொடியில், அதாவது பிரௌசரின் 'அன்லோட்' நிகழ்வில்தான் சர்வருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரில் டேபை மூடினால் அந்த நிகழ்வு பெரும்பாலும் நடக்கும். போனில் யாரும் டேபை மூடுவதில்லை. வேறு ஆப்புக்குப் போவார்கள், திரையை அணைப்பார்கள், பிறகு போன் நினைவகம் போதாமல் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். அன்லோட் வரவே வராது. போதாததற்கு, பக்கம் மூடும் தருணத்தில் சர்வரின் பதிலுக்காகக் காத்து நிற்கும் பழைய வகைக் கோரிக்கையை 2020-ல் வந்த குரோம் 80 தடை செய்துவிட்டது. அதற்கு முன் எழுதிய கோர்ஸ் பிளேயர்களும் (கோர்ஸைத் திரையில் ஓட்டும் நிரல்) எல்எம்எஸ்களும் அந்த வழியையே நம்பியிருந்தால் கடைசி நேரச் சேமிப்பு அப்படியே விழுந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. ஒரு புலத்தை நிரப்பும் 'செட்வேல்யூ' கட்டளையை எழுதிய உடனே தரவு சர்வருக்குப் போய்விட்டதாக நினைக்கக் கூடாது. அது பிரௌசரில் எல்எம்எஸ்ஸின் இடைமுகத்திலேயே நிற்கும். 'கமிட்' அழைத்தால்தான் கிளம்பும். ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும், ஒவ்வொரு பதில் சமர்ப்பிக்கும்போதும் கமிட் அழையுங்கள். நீண்ட ஸ்லைடு என்றால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு கிளிக்குக்கும் வேண்டாம். சில எல்எம்எஸ்களில் கமிட் முடியும்வரை திரை உறைந்து நிற்கும், படிப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பக்கம் மறைக்கப்படும்போது வரும் 'விசிபிலிட்டி சேஞ்ச்' நிகழ்விலும் ஒரு கமிட் போடுங்கள். போனில் நம்பிப் பிடிக்கக்கூடிய கடைசிக் கணம் அதுதான். கமிட் திருப்பித் தரும் விடையையும் பாருங்கள். தோல்வி என்று வந்தால், 'உங்கள் முன்னேற்றம் சேமிக்கப்படவில்லை, இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று திரையில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒரு மணி நேரம் படித்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரியும்.

அந்தச் சிலர் கோர்ஸில் வெகுதூரம் போனவர்களா? பத்தாம் ஸ்லைடில் விட்டவர்களுக்குச் சரியாக வருகிறது, அறுபதாம் ஸ்லைடில் விட்டவர்களுக்கு மட்டும் முதலிலிருந்து என்றால் 4096 எழுத்து எல்லையைச் சந்தேகியுங்கள். நிலை வளர்ந்துகொண்டே போகும் என்றேனே, அது பானை நிரம்புவது போல ஒரு கட்டத்தில் வழியும். வழிந்ததும் சில எல்எம்எஸ் மொத்தத்தையும் ஏற்க மறுத்து 405 என்ற பிழை எண்ணைத் தரும். சில வாயே திறக்காமல் 4096-வது எழுத்தில் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட தரவைத் திரும்பி வரும்போது கோர்ஸால் படிக்க முடியாது. படிக்க முடியாததால் இவர் புதியவர் என்று முடிவு செய்து முதல் ஸ்லைடைக் காட்டும்.

தமிழில் கோர்ஸ் செய்பவர்களுக்கு இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். ஸ்கார்ம் 1.2 இந்தப் புலங்களில் எதிர்பார்ப்பது ஆஸ்கி எழுத்துகளை, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகளை மட்டும். தமிழைச் சேமிக்க வேண்டுமானால் சதவீதக் குறி போட்ட வடிவத்துக்கு மாற்றித்தான் பல கருவிகள் எழுதுகின்றன. 'பாடம்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ப, துணைக்கால், ட, ம, புள்ளி என்று ஐந்து குறியீடு. ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீத வடிவில் மூன்று எழுத்து. ஆக ஒரு 'பாடம்' 45 எழுத்தைத் தின்றுவிடுகிறது. 4096-ஐ ஒன்பதால் வகுத்தால் மொத்தம் 455 தமிழ்க் குறியீடுதான் கொள்ளும். படிப்பவர் சொந்தமாகத் தட்டச்சு செய்யும் பதில் பெட்டி ஒன்று இருந்து, அதில் சராசரியாக எட்டுக் குறியீடு கொண்ட சொற்களை இடைவெளி விட்டு 55 எழுதினாலே எல்லை தாண்டிவிடும். அதனால் ஸ்லைடுக்கு உள்ளே வைக்கும் அடையாளம் 'எஸ் 14' என்பது போன்ற சிறிய ஆங்கிலக் குறியாக இருக்கட்டும். திரையில் தெரியும் தலைப்பு தாராளமாகத் தமிழில் இருக்கலாம். நீண்ட பதில்களைச் சஸ்பெண்ட் டேட்டாவில் திணிக்காமல் எல்எம்எஸ்ஸின் சொந்த ஒப்படைப்புப் பகுதியில் வாங்குங்கள். உங்கள் எல்எம்எஸ் ஸ்கார்ம் 2004-ன் மூன்றாம் அல்லது நான்காம் பதிப்பை ஏற்குமானால் எல்லை 64,000 எழுத்தாக உயர்கிறது. அதே 2004-ன் இரண்டாம் பதிப்பில் 4000 மட்டுமே என்பதால், '2004' என்ற பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். எக்ஸ்ஏபிஐ, சிஎம்ஐ5 போன்ற பின்னால் வந்த முறைகளில் நிலையைத் தனி ஆவணமாக வைக்க வழி உண்டு, இந்த நெருக்கடி வராது.

அந்தச் சிலர் ஏற்கெனவே முடித்தவர்களோ தேர்வில் தோற்றவர்களோ என்றால், எல்எம்எஸ் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். மூடுல் என்ற எல்எம்எஸ்ஸில் ஸ்கார்ம் செயல்பாட்டுக்குப் 'புது முயற்சியைக் கட்டாயமாக்கு' என்ற தேர்வு இருக்கிறது. 'எப்போதும்' என்று வைத்தால் எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. முந்தைய முயற்சி முடிந்த பிறகு மட்டும் என்று வைத்தால் முடித்தவர்களுக்கு மட்டும். இதே குழுவுக்கு வரும் இன்னொரு கோளாறு கோர்ஸின் நிரலிலேயே இருக்கும்: திறந்தவுடன் எதையும் படித்துப் பார்க்காமல் ஸ்டேட்டஸில் 'இன்கம்ப்ளீட்' என்று எழுதிவிடுவது. முடித்தவர் ஒரு பக்கத்தைத் திரும்பப் பார்க்க வந்தால் அவருடைய முடிப்பே அழிந்துவிடும். முதலில் ஸ்டேட்டஸைப் படிக்க வேண்டும். 'நாட் அட்டெம்ப்டட்' என்று இருந்தால் மட்டும் எழுத வேண்டும். ஸ்டேட்டஸை எழுதாமலே விடுவதும் ஆபத்து. கோர்ஸ் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினால் ஸ்கார்ம் 1.2 விதிப்படி எல்எம்எஸ் அவரை முடித்தவராகக் குறித்துவிடும்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவர்கள் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். சில பிளேயர்கள் இடத்தை சர்வரில் வைக்காமல் பிரௌசரின் லோக்கல் ஸ்டோரேஜில் (அந்தச் சாதனத்திலேயே இருக்கும் சேமிப்பு) வைக்கின்றன. அது அந்தச் சாதனத்தோடும் அந்தப் பிரௌசரோடும் முடிந்துவிடும். போனில் விட்டதைக் கம்ப்யூட்டரில் தொடர முடியாது, பிரைவேட் ஜன்னலில் படித்தால் மூடியதோடு போயிற்று. சஃபாரியில் 2020 முதல், ஒருவர் அந்தத் தளத்தைத் தொடாமல் சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தினால், நிரல் எழுதி வைத்த இந்தச் சேமிப்பு அழிக்கப்படுகிறது. லோக்கல் ஸ்டோரேஜை இணைப்பு போன நேரத்துத் தற்காலிகக் கிடங்காக வைத்துக்கொள்ளலாம், மூலப் பதிவாக வைக்கக் கூடாது. இன்னொரு காரணம், நடுவில் நீங்கள் கோர்ஸைத் திருத்தி மறுபடி ஏற்றியிருப்பது. இடத்தை வெறும் ஸ்லைடு எண்ணாகச் சேமித்திருந்தால், முன்னால் இரண்டு ஸ்லைடு சேர்த்ததும் 14-ல் விட்டவர் பழைய 12-ல் போய் விழுவார். அதற்குத்தான் மாறாத அடையாளம் வேண்டும் என்கிறேன். ஆதரிங் கருவிகள் (கோர்ஸ் தயாரிக்கும் மென்பொருள்கள்) சஸ்பெண்ட் டேட்டாவைத் தங்களுக்கே உரிய சுருக்க வடிவில் எழுதுவதால், ஸ்லைடுகள் கூடினால் குறைந்தால் பழைய தரவு பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். எழுத்துப் பிழை திருத்தம் என்றால் அதே இடத்தில் மாற்றலாம். அமைப்பே மாறுகிறதென்றால் புதுப் பதிப்பைப் புதியவர்களுக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு, நடுவில் இருப்பவர்கள் பழையதிலேயே முடிக்கட்டும். முன்னேற்றச் சதவீதமும் இப்படித்தான் சரியும்: 20 பாடத்தில் 15 முடித்து 75 என்று பார்த்தவர், நீங்கள் ஐந்து பாடம் சேர்த்த மறுநாள் 60 என்று பார்ப்பார். ஒன்றும் தொலையவில்லை என்றாலும் தொலைந்ததாகவே அவர் நினைப்பார். முன்கூட்டியே ஒரு வரி அறிவித்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு டேபில் திறந்து வைப்பவர்களும், லாகின் காலாவதியான பிறகும் படித்துக்கொண்டிருப்பவர்களும் மீதிக் கணக்கு. முதல் வகையில் கடைசியாக மூடிய டேப் மற்றதன் மேல் எழுதிவிடும். ஒரு நேரத்தில் ஒரு ஜன்னல் என்று கட்டுப்படுத்தலாம்; முடிப்பை மட்டுமாவது மேலெழுதாமல் இரண்டையும் ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டாவதில், நீண்ட வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வர் அவரை வெளியேற்றியிருக்கும்; திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இது நிற்கும்.

வீடியோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரௌசரின் பிளேயர் ஓடும்போது நேரம் மாறியதாக நொடிக்குக் குறைந்தது நான்கு முறையாவது சொல்லும். அதையெல்லாம் சர்வருக்கு அனுப்பினால் 20 நிமிட வீடியோவுக்கு 4800 செய்தி. 15 நொடிக்கு ஒன்று என்றால் 80 போதும். கூடவே நிறுத்தும்போது, நகர்த்தும்போது, பக்கம் மறையும்போது ஒவ்வொன்று. கடைசி நொடியை மட்டும் வைத்து முடிப்பைத் தீர்மானித்தால், முனையை இழுத்துக் கடைசியில் விட்டவரும் முடித்தவராகிவிடுவார். பார்த்த துண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 0 முதல் 300 நொடி வரையும், பிறகு 240 முதல் 420 வரையும் பார்த்தவர் பார்த்தது 420 நொடி, 480 இல்லை. பிளேயர் வைத்திருக்கும் 'பார்த்த துண்டுகள்' பட்டியல் அந்த ஒரு வருகைக்கு மட்டுமே. பழைய வருகையின் பட்டியலோடு நீங்கள்தான் இணைக்க வேண்டும். முடிப்புக்கு நூறு சதவீதம் கேட்காதீர்கள்; கடைசி நன்றித் திரையை யாரும் பார்ப்பதில்லை. ஓப்பன் எடெக்ஸ் என்ற கோர்ஸ் தளத்தில் இயல்பு அளவு 95 சதவீதம். தொடரும்போது விட்ட நொடிக்கு நான்கைந்து நொடி முன்னால் தொடங்கினால் வாக்கியம் நடுவில் அறுபடாது. கடைசிப் பத்து நொடிக்குள் விட்டிருந்தால் அடுத்த பாடத்துக்கே கொண்டுபோகலாம்.

தேர்வு நடுவில் விட்டுப் போகிறவருக்குக் கேள்விகள் அதே வரிசையில், அதே தெரிவுகளோடு திரும்பி வர வேண்டும். கேள்விகளைக் கலைத்துக் கொடுப்பதாக இருந்தால் அந்த வரிசையையும் சேமிக்க வேண்டும். நேரக் கணக்கு சர்வரில் தொடங்கிய மணியிலிருந்து ஓட வேண்டும், பிரௌசரில் இருக்கக் கூடாது.

எது உங்கள் கோர்ஸின் கோளாறு என்பதை வெளியிலிருந்து இதற்கு மேல் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரு மணி நேரச் சோதனையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சோதனைக்கென்று ஒரு புதுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிக் கணக்கில் சோதிக்காதீர்கள், சில எல்எம்எஸ்களில் நிர்வாகியின் முன்னோட்டத்துக்குப் பதிவே இருக்காது. ஐந்தாம் ஸ்லைடு வரை போய் 'வெளியேறு' பட்டனால் மூடித் திரும்புங்கள். அடுத்து டேபை நேரடியாக மூடித் திரும்புங்கள். பிறகு போனில் வேறு ஆப்புக்குப் போய், கோர்ஸ் திறந்திருந்த பிரௌசரை மேலே தள்ளி அணைத்துவிட்டுத் திரும்புங்கள். முதல் இரண்டும் சரியாகி மூன்றாவது கெட்டால் கமிட் பிரச்சினை. மூன்றும் கெட்டால் எக்ஸிட்டோ செட்டிங்கோ. மூன்றும் சரியென்றால் கடைசி ஸ்லைடு வரை எல்லாக் கேள்விக்கும் நீளமாகப் பதில் எழுதிவிட்டு மூடித் திரும்புங்கள். அங்கே கெட்டால் 4096. அதே பேக்கேஜை வேறொரு எல்எம்எஸ்ஸில் ஏற்றிப் பார்த்தால் குற்றம் கோர்ஸிலா எல்எம்எஸ்ஸிலா என்பதும் தெரிந்துவிடும்.

பூட்டுவதா திறப்பதா என்ற கேள்விக்கு என் கருத்து: இயல்பாகத் திறந்திருக்கட்டும். இறுதித் தேர்வுக்கு முன்னால், அல்லது முந்தையது தெரியாமல் செய்தால் ஆபத்து நேரும் செய்முறைக்கு முன்னால் மட்டும் பூட்டு போதும். ஆதரிங் கருவிகளில் வழக்கமாக மூன்று நிலை கிடைக்கும். ஃப்ரீ என்றால் எங்கும் போகலாம். ரெஸ்ட்ரிக்டட் என்றால் பார்த்தவற்றுக்குத் திரும்பலாம், பாராதவற்றுக்குத் தாவ முடியாது. லாக்டு என்றால் பட்டியலைக் கொண்டு எங்கும் போக முடியாது. வரிசை கட்டாயம் என்றாலும் ரெஸ்ட்ரிக்டடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் போவதைத் தடுக்கும் கோர்ஸில் மறந்ததைத் திரும்பப் படிக்க வழியில்லை, அது கற்பதற்கே விரோதம். பூட்டும் சேமிப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையும் யோசியுங்கள். திறந்த கோர்ஸில் இடம் தொலைந்தால் பட்டியலில் இரண்டு கிளிக்கில் பழைய இடத்துக்குப் போய்விடலாம். பூட்டிய கோர்ஸில் இடம் தொலைந்தால் நாற்பது ஸ்லைடையும் மறுபடி பார்க்க வேண்டும். சேமிப்பு சரியாகும் வரை உங்கள் கோர்ஸில் பூட்டை எடுத்துவிடுங்கள். இன்றே செய்யக்கூடியது அது.

'அடுத்து' பட்டனை மங்கலாக்கி வைத்தால் ஏன் மங்கல் என்பதைப் பக்கத்திலேயே சொல்லுங்கள்: 'வீடியோ முடிந்ததும் திறக்கும்', 'இன்னும் இரண்டு பெட்டி பார்க்க வேண்டும்'. பிரௌசரின் பின்செல் பட்டனை அழுத்தினால் முந்தைய ஸ்லைடு வர வேண்டும், கோர்ஸை விட்டே வெளியே தள்ளக் கூடாது. திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்கு ஸ்லைடு மாறியதும் குவியம் (ஃபோகஸ், அதாவது வாசிப்பான் நிற்கும் இடம்) புதுத் தலைப்புக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் தொடர்ந்த இடமே அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்தவரைச் சத்தமின்றி நடு ஸ்லைடில் இறக்கிவிடுவதும் நல்லதில்லை. ஒரு சிறு திரை போதும்: 'மூன்றாம் பாடம், 8-வது ஸ்லைடில் விட்டீர்கள். இந்தப் பாடத்தில் இன்னும் 12 நிமிடம்.' கீழே 'தொடர்க' என்று பெரிய பட்டன், பக்கத்தில் 'பாடப் பட்டியல்'. 'முதலிலிருந்து தொடங்கு' என்பதைப் பட்டியலுக்குள் வையுங்கள், அது முடிப்பை அழிக்காமல் இடத்தை மட்டும் மாற்றட்டும். இந்தத் திரையால் இன்னொரு நன்மையும் உண்டு. படிப்பவர் எதையும் தொடும் முன் ஒலியோடு வீடியோ தானாக ஓடுவதைப் பிரௌசர்கள் தடுக்கின்றன. 'தொடர்க' என்று அவர் ஒரு தட்டு தட்டியதும் அந்தத் தடை நீங்கி, விட்ட நொடியிலிருந்து வீடியோ ஓடத் தொடங்கும்.